சௌரி சௌரா – 'கும்பல்' என்றால் யார்?

1922-ல் சௌரி சௌராவில் ஒரு கும்பல் காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது, 22 காவலர்கள் இறந்தார்கள், காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தை நிறுத்தினார். ரெண்டு மார்க் கேள்விக்கு இது போதும். எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிடுவோம். ஆனா அந்தக் கும்பலில் இருந்தது யாரு?

சௌரி சௌரா உத்தரப்பிரதேசத்தில் கோரக்பூர் பக்கம் உள்ள ஊர். 1921 பிப்ரவரியில் காந்தியடிகள் கோரக்பூர் வந்துபோன பிறகு, சுற்றுக் கிராமங்களில் விவசாயிகளும் நெசவாளர்களும் தொண்டர்களாகச் சேர்ந்தார்கள். கள், சாராயம் கூடாது, கறி மீன் விலை நியாயமா இருக்கணும் என்று முண்டேரா சந்தையில் மறியல் செய்தார்கள். அவர்களில் ஒருவர் பகவான் அஹிர். முதல் உலகப் போரில் ஆங்கிலேயருக்காக வேலை செய்து ஓய்வூதியம் வாங்கியவர். மறியலில் அவரை சப்-இன்ஸ்பெக்டர் அடித்துவிட்டார். "ஏன் அடிச்சீங்க?" என்று கேட்கத்தான் பிப்ரவரி 4, சனிக்கிழமை, ஆயிரக்கணக்கானோர் ஊர்வலமாகக் காவல் நிலையத்துக்குப் போனார்கள்.

போலீசார் முதலில் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். யாருக்கும் அடி படவில்லை. காந்தியின் அருளால் குண்டு தண்ணீராகிவிட்டது என்று கூட்டம் ஆரவாரம் செய்ததாம்! பக்கத்திலிருந்த ரயில் பாதையின் ஜல்லிக் கற்கள் பறந்தன. அடுத்து போலீசார் கூட்டத்தைப் பார்த்தே சுட, ஆட்கள் விழுந்தார்கள். குண்டு தீர்ந்து காவலர்கள் உள்ளே ஓடினதும் தீ வைக்கப்பட்டது. வெளியே ஓடி வந்தவர்களையும் விடவில்லை. செத்தவர்களில் அதே பக்கத்து ஊர்க்காவல் சௌக்கிதார்களும் உண்டு; அவர்களும் ஏழைகள்தான். காரணத்தைத் தெரிந்துகொள்வது வேறு, செய்தது சரி என்பது வேறு. காந்தியடிகள் ஐந்து நாள் உண்ணாவிரதம் இருந்தார்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் வழக்குத் தாள்களிலிருந்து. தொண்டர்களில் முக்கியமானவரான மீர் ஷிகாரி அப்ரூவராக மாறி, கூட்டாளிகளுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். தன் உயிரைக் காப்பாற்ற ஒருத்தர் சொன்ன சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம்? அதோட, கோர்ட் கேட்பது யார் அடிச்சது, யார் தீ வச்சது என்பதைத்தான். இத்தனை பேர் எதுக்காக வந்தார்கள் என்பது அதற்கு ரெண்டாம் பட்சம். 1923 ஜனவரியில் 172 பேருக்குத் தூக்கு என்று தீர்ப்பு! அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் மதன் மோகன் மாளவியா வாதாடினார். கடைசியில் 19 பேருக்குத் தூக்கு உறுதியாகி, அந்த ஜூலையில் தூக்கிலிட்டார்கள். அதில் பகவான் அஹிரும் ஒருவர். அப்துல்லா, நசர் அலி, லால் முகமது பெயர்களும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

வரலாற்று ஆசிரியர் ஷாஹித் அமீன் இந்தத் தாள்களை வரிவரியாகப் படித்ததோடு நிற்கவில்லை. 60 ஆண்டுக்கும் மேல் கழித்து அந்தக் கிராமங்களுக்கே போய் விசாரித்தார். தண்டனை பெற்ற ஒருவரின் மனைவி, வயதான பாட்டி, நிறையச் சொன்னார். வாலண்டியர் என்ற ஆங்கிலச் சொல் அவர் வாயில் 'ஓட்டியார்' ஆகிவிட்டது. அவர்கள் காவி கட்டியிருந்தார்களாம், வீடு வீடாகப் பிடி தானியம் வாங்கிச் சமைத்தார்களாம். கதர்ச் சட்டை போட்ட தொண்டரையே படத்தில் பார்த்த நமக்கு இது புதுசு. தங்களை வேற யாரோ மாதிரி இல்லாம, சாமியார் மாதிரி நினைச்சுக்கிட்டாங்க போல. பாட்டி ஞாபகத்திலும் பிசகு இருக்கலாம். ஆனா அடுப்பில் என்ன வெந்தது என்று எந்த நீதிபதியும் கேட்டு எழுதவில்லையே. அமீனின் புத்தகம் 1995-ல் வந்தது.

அந்த ஊரில் இறந்த காவலர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு. தூக்கிலிடப்பட்டவர்களுக்குத் தனியாக இன்னொன்று. ஊர் பெயரில் ஒரு எக்ஸ்பிரஸ் ரயிலும் ஓடுகிறது. தேர்வில் பழைய விடையையே எழுதுங்க, தப்பில்லை. சில புத்தகங்களில் பிப்ரவரி 5 என்றிருக்கும், இறந்தவர் 23 என்றும் இருக்கும். தேதியை மட்டும் 4-னு போடுங்க.