மதகின் மூட்டும் மக்களின் உயிரும்

ஏரி என்றவுடன் அதன் நீர்ப்பரப்பே நம் நினைவிற்கு வரும். ஆயின் ஏரியை ஏரியாக நிலைநிறுத்துவன கரை, மதகு, கலிங்கு என்னும் மூன்று உறுப்புகளேயாம். கரை நீரைத் தடுக்கும். மதகு பாசனத்திற்கு விடும். கலிங்கு மிகைநீரை வெளியேற்றும். இவற்றுள் ஒன்று பழுதுறின் யாது நேரும் என்பதற்கு அமெரிக்க நாட்டுக் கொலராடோ மாநிலத்தின் லான் ஏரி அணை தக்க சான்றாகும்.

ராக்கி மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 11,000 அடி உயரத்தில் அமைந்த சிறிய இயற்கை ஏரி அது. லவ்லண்ட் பகுதி உழவர்களின் பாசனத்திற்காகத் தனியார் நிறுவனம் ஒன்று 1903-ஆம் ஆண்டு அதற்கு மண்கரை எழுப்பிற்று. கரையின் உயரம் 26 அடியே. 16 ஏக்கராக இருந்த நீர்ப்பரப்பு 48 ஏக்கராக விரிந்தது. 1915-இல் அம்மலைப்பகுதி தேசியப் பூங்காவாக்கப்பெற்ற பின்னரும் அணை தனியார் உடைமையாகவே நீடித்தது.

1982-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் நாள் காலை அக்கரை உடைந்தது. வெள்ளம் கரையைத் தாண்டிப் பாய்ந்ததால் நேர்ந்த உடைப்பன்று இது. கரையினூடே செல்லும் மதகுக் குழாயும் அடைப்பிதழும் இணையும் மூட்டில் பூசப்பட்டிருந்த ஈயம் நாளடைவில் சிதைந்தது. அவ்வழியே கசிந்த நீர் மண்ணைச் சிறிது சிறிதாக அரித்துக் கரையின் உள்ளே வழியமைத்துக்கொண்டது. பாய்ந்த வெள்ளம் 452 டன் எடையுள்ள பாறையையும் உருட்டிச் சென்றது. கீழே இருந்த காஸ்கேட் அணையையும் தகர்த்து, எஸ்டெஸ் பார்க் நகரினுள் புகுந்தது. மூவர் மாண்டனர். சேதம் 3 கோடியே 10 இலட்சம் டாலர் எனக் கணக்கிடப்பட்டது.

அதிகாலையில் பேரோசை கேட்ட குப்பை அள்ளும் தொழிலாளர் ஒருவர் தொலைபேசியில் உடனே அறிவித்தமையால் பலர் உயிர் தப்பினர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இதன் பின்னர் அப்பூங்காவிலிருந்த வேறு மூன்று பழைய அணைகள் அகற்றப்பெற்றன.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? நீரின் பயன் உடையவர்க்கு உரியது. அதன் இடரோ கீழே வாழ்வோர் அனைவர்க்கும் உரியது. ஆதலின் தேக்கிய நீர் வெறும் உடைமையன்று. அஃது ஓர் அமானிதம். அதனைப் பேணும் கடமை கரை கட்டிய நாளோடு முடிவதில்லை. 79 ஆண்டுகள் நின்றது என்பதே இனியும் நிற்கும் என்பதற்குச் சான்றாகாது.

மாணவர்களே! உங்கள் ஊர் ஏரிக்கரையில் நடக்கும்போது மதகருகே சற்று நின்று பாருங்கள். தெளிந்த நீர் கசிந்தாலும் கவனிக்கத்தக்கதே. கலங்கிய நீர் கசியுமாயின், கரையின் மண் கரைந்து வெளியேறுகிறது என்பது பொருள். அதனைக் கண்டவுடன் ஊர்ப் பெரியவர்களிடமும் நீர்வளத் துறையினரிடமும் தெரிவித்தல் வேண்டும். அவ்வொரு சொல் பல உயிர்களைக் காக்கக்கூடும்.