எங்கள் ஊர்க் கூரைகள்

(போடிநாயக்கனூரில் கூரை வேயும் தொழிலாளர் ஒருவர், தம் ஊரின் வரலாற்றையும் வாழ்க்கையையும் மாணவர்க்கு எடுத்துரைப்பதாக இப்பாடம் அமைந்துள்ளது.)

மாணவர்களே! ஓர் ஊரின் வரலாற்றை அறியச் சிலர் ஏடுகளைப் புரட்டுவர். சிலர் கல்வெட்டுகளைத் தேடுவர். நானோ கூரைகளைப் பார்ப்பேன். கூரை வேய்தல் என் தொழில். கீற்றுக் கட்டுதல், ஓடு அடுக்குதல், தகரம் பொருத்துதல் ஆகிய மூன்றும் நான் அறிந்தவை. மழைக்கும் வெயிலுக்கும் காற்றுக்கும் மக்கள் எவ்வாறு ஈடு கொடுத்தனர், வேண்டிய பொருளை எங்கிருந்து பெற்றனர், எவரோடு வாணிகம் செய்தனர் என்பனவற்றையெல்லாம் கூரை சொல்லிவிடும். மேலும், கூரைமேல் நிற்பவனுக்கு ஊர் முழுவதும் ஒருங்கே தெரியும். 'கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன், வானம் ஏறி வைகுண்டம் போனானாம்' என்று சொல்லி நகைப்பார்கள். வானம் ஏறும் எண்ணம் எனக்கு இல்லை. கூரை ஏறிக் கண்டவற்றையே உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது எங்கள் ஊர். போடி என்றே மக்கள் இதனைச் சுருக்கி வழங்குவர். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கு வாழ்வோர் 75,000-க்கு மேற்பட்டவர். முகட்டில் நின்று மேற்கே நோக்கினால், மலைகள் மதில்போல் எழுந்து நிற்கக் காணலாம். அம்மலையிலிருந்து இறங்கி வருகிறது கொட்டகுடி ஆறு. வைகைக்கு நீர் சேர்க்கும் ஆறுகளுள் இதுவும் ஒன்று. ஊரை அடுத்த குன்றின்மேல் பரமசிவன் கோயில் விளங்குகிறது. தோப்புகளில் மாவும் தென்னையும் செழித்துள்ளன. இலவ மரங்களும் மிகுதி. இலவம்பஞ்சைக் கொண்டு மெத்தையும் தலையணையும் செய்யும் தொழில் எங்கள் ஊருக்குப் பெயர் தந்த தொழில்களுள் ஒன்றாகும்.

இம்மலை எங்களுக்கு மதில் மட்டுமன்று. பருவத்தை வகுத்துத் தரும் வேலியும் ஆகும். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அப்பால் பெருமழையைப் பொழிந்துவிடுகிறது. மலையைத் தாண்டி எங்களை அடையும்போது அதனிடம் எஞ்சியிருப்பவை காற்றும் சாரலுமே. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வரும் வடகிழக்குப் பருவமழையே எங்களுக்கு நிறைமழை. ஆதலின் எங்கள் ஊர்க் கூரை இரு பகைவரை எதிர்த்து நிற்க வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால், ஓடு பறப்பதில் வியப்பென்ன? சரிவு குறைந்தால் மழைநீர் தேங்கி ஒழுகும்; சரிவு மிகுந்தால் காற்று ஓட்டைச் சறுக்கிவிடும். ஆகவே, முகட்டு ஓடுகளைச் சாந்து வைத்துப் பூசுகிறோம். ஓரத்து ஓடுகளைக் கம்பியால் பிணைக்கிறோம். எங்கள் தொழிலின் நுட்பமெல்லாம் காற்றும் மழையும் கற்பித்த பாடமே.

இனி, கூரைகள் கூறும் வரலாற்றைக் கேளுங்கள்.

முதற்கூரை புல்லாலும் இலையாலும் ஆயது. மலைமேல் வாழும் முதுவர் மூங்கிலை நட்டு, புல்லும் இலையும் வேய்ந்து தம் குடில்களை அமைத்தனர். தம் முன்னோர் மதுரையை விட்டு மலையேறியவர் என்று அவர்கள் வழிவழியாகக் கூறுவர். அடிவாரத்து உழவரோ தென்னங்கீற்றால் தம் வீடுகளை வேய்ந்தனர். கீற்றுக்கூரை ஏழைக்கும் எட்டும். வெயிலைத் தடுத்துக் குளிர்ச்சி தரும். ஆயினும், ஓரிரண்டு ஆண்டுகளில் அதனைப் பிரித்துப் புதிதாக வேய வேண்டும். தீப்பொறி ஒன்று பட்டாலோ தெருவே அழியும்.

இரண்டாவது, அரண்மனைக் கூரை. 16-ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட விசுவநாத நாயக்கரும் அவர்தம் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பகுத்தனர் என்பது வரலாறு. அவற்றுள் ஒன்று போடிநாயக்கனூர். ஆங்கிலேயர் ஆட்சியில் அது ஜமீன் ஆயிற்று. இங்குள்ள ஜமீன் அரண்மனையின் சுவர்களில் இராமாயணக் காட்சிகள் வண்ண ஓவியங்களாகத் தீட்டப்பட்டுள்ளன. அவற்றைக் காண்போர் ஓவியரைப் புகழ்வர், அது தகும். ஆனால், சுவர் ஓவியத்திற்குப் பெரும்பகை மேலிருந்து இறங்கும் ஈரமே. ஓவியம் நிலைத்திருப்பதில் கூரை காத்தவனுக்கும் பங்கு உண்டு அன்றோ! 1948-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஜமீன் முறையை ஒழித்தது. ஜமீன் மறைந்தது, ஊர்ப்பெயரில் அதன் நினைவு நிற்கிறது.

மூன்றாவது, ஓட்டுக்கூரை. குயவர் வனைந்த நாட்டு ஓடுகளே முதலில் வழங்கின. 1865-ஆம் ஆண்டில் மங்களூரில் பாசல் மிஷனார் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினர். அங்குத் தோன்றிய ஓடு 'சீமை ஓடு' என்றும் 'மங்களூர் ஓடு' என்றும் பெயர் பெற்று நாடெங்கும் பரவியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். நாட்டு ஓடு தன் கனத்தால் கிடக்கிறது. சீமை ஓடோ, அடுத்த ஓட்டின் விளிம்பைப் பற்றிக்கொண்டு நிற்கிறது. ஒன்று விலகினால் பக்கத்து ஓடும் ஆட்டம் காணும். ஓர் ஊரில் வாழ்வோர் நிலையும் இத்தகையதே.

மதுரையிலிருந்து போடிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதை 1928-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. கனமான பொருள்களைக் கொண்டு வருதலும், மலைவிளைவுகளைக் கொண்டு செல்லுதலும் அதனால் எளிதாயின. இரண்டாம் உலகப்போரின்போது தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950-களில் பாதை மீண்டும் அமைந்தது. அகலப்பாதையாக மாற்றும் பொருட்டு 2010-ஆம் ஆண்டின் இறுதியில் வண்டி மறுபடியும் நிறுத்தப்பட்டது. 2023-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள் போடி நிலையத்திற்கு வண்டி திரும்பி வந்தது. இருமுறை இழந்து இருமுறை பெற்ற பாதை இது.

நான்காவது, தகரக்கூரை. இது மலைத்தோட்டங்களோடு தொடர்புடையது. ஓட்டை மலைமேல் சுமந்து செல்வது அரிது; தகரமோ இலேசானது. தோட்டத்து வீடுகளும் பண்டகசாலைகளும் தகரத்தால் வேயப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம். அத்தோட்டங்களின் செல்வம் யாது? அதுவே ஏலக்காய்.

ஏலச்செடி மலைநாட்டுப் பயிர். குளிர்ந்த காற்று, ஈரமண், மரநிழல் ஆகிய மூன்றும் அதற்கு இன்றியமையாதவை. பூங்கொத்துகள் செடியின் அடியிலிருந்து தோன்றித் தரையை ஒட்டிப் படரும். காய்கள் ஒரே நாளில் முற்றுவதில்லை. முற்றியவற்றை மட்டும் தேர்ந்து பறித்துச் சில வாரங்கள் கழித்து மீண்டும் பறிக்க வேண்டும். பறிப்போர் பெரும்பாலும் பெண்களே. மழையில் நனைந்து, குனிந்த முதுகோடு நாள் முழுவதும் அவர்கள் செய்யும் வேலை பெரிது. பறித்த பச்சைக்காயை உலர்த்தும் கூடத்திற்குக் கொண்டுசென்று, விறகு எரித்துக் குழாய் வழியே வெப்பம் செலுத்தி உலர்த்துவர். ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் 1 கிலோ ஏலக்காய் ஆகும். அதன் பசுமை நிறம் மங்காதிருந்தால் நல்ல விலை கிடைக்கும். ஈரம் பட்டால் நிறமும் மணமும் கெடும். எனவே, ஏலக்காய்க் கிடங்கின் கூரையைச் செப்பனிடும்போது நாங்கள் இருமடங்கு கருத்தாக இருப்போம். ஒரு சிறு ஒழுக்கு, பல பெண்களின் பல நாள் உழைப்பை ஓர் இரவில் பாழாக்கிவிடும்.

உலர்ந்த காய் மலையிலிருந்து எங்கள் ஊருக்கு இறங்கி வருகிறது. இங்கே பெண்கள் அதனைச் சலித்து, புடைத்து, பருமனும் நிறமும் நோக்கித் தரம் பிரிப்பர். 8 மில்லிமீட்டர் பருமனுள்ள காய் உயர்தரமாக மதிக்கப்படும். பின்னர் அது ஏலத்தில் விற்கப்படும். 'ஏலம்' என்னும் சொல் பயிரையும் குறிக்கும்; விலை கூறி விற்பதையும் குறிக்கும். எங்கள் ஊரில் ஏலம் ஏலம் போகிறது! நறுமணப்பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும் கேரளத்துப் புற்றடியிலும் ஏலம் நடைபெறுகிறது. 2007-ஆம் ஆண்டு முதல் இது மின்னணு முறையில் நடந்து வருகிறது. விலை நிலையாக நிற்பதில்லை. 2019-ஆம் ஆண்டில் 1 கிலோ ஏலக்காய் 7,000 ரூபாய் வரை விலைபோயிற்று. பின்னர் வெகுவாக இறங்கியது. விலை ஏறிய ஆண்டில் ஊரில் புதுக்கூரைகள் எழும். இறங்கிய ஆண்டில் பழைய ஒழுக்குகளை அடைப்பதே எங்கள் வேலையாகும்.

மலைக்கும் ஊருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் திருவிதாங்கூர் அரசு ஏலக்காயைத் தன் தனியுரிமைப் பொருளாகக் கொண்டிருந்தது. அடிவாரத்துத் தமிழர் பலர் மலையேறி அதனைப் பயிரிட்டனர். தேயிலையும் இவ்வழியே இறங்கியது. மூணாற்றிலிருந்து 'டாப் ஸ்டேஷன்' என்னும் மலைமுகடு வரை 1908-ஆம் ஆண்டில் சிறு இருப்புப்பாதை அமைந்தது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியாகக் கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடியிலிருந்து வண்டிகளில் போடிக்கு வரும். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்துவிட்டது. இன்று போடிமெட்டுச் சாலையே முதன்மையான வழி. 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அது மலைமேல் ஏறுகிறது.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தில் அமைந்தன. ஏலம் விளையும் மலை ஒரு மாநிலத்தில். அதனைத் தரம் பிரித்து விற்கும் ஊர் மற்றொரு மாநிலத்தில். கோடு வரைபடத்தில் விழுந்தது; வாழ்க்கையில் விழவில்லை. இன்றும் விடியுமுன் எங்கள் பெண்கள் தூக்குச் சோற்றுடன் ஜீப்புகளில் ஏறி மலைத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். பொழுது சாயும்போது திரும்புகின்றனர். கொள்ளைநோய் பரவிய 2020-ஆம் ஆண்டில் எல்லை அடைக்கப்பட்டது. வண்டிகள் நின்றன, ஏல விற்பனையும் நின்றது. மலையில் காய் பறிக்க ஆள் இல்லை. ஊரில் ஆளுக்கு வேலை இல்லை. மலையும் ஊரும் ஒரே வீட்டின் இரு சுவர்கள் என்பதை அந்நாள்கள் அனைவர்க்கும் உணர்த்தின.

எங்கள் ஊரில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாகப் பேசுவோர் உண்டு. மலையாளம் அறிந்தோர் பலர். இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். பள்ளியிலும் சந்தையிலும் எல்லார்க்கும் பொதுவாக நிற்பது தமிழ். அனைவர் வீட்டுக் கூரைமேலும் நான் ஏறியிருக்கிறேன். முகட்டிலிருந்து நோக்குங்கால், எவ்வீடு எவருடையது என்று ஓட்டைக் கொண்டு கூற இயலாது. மழை எல்லார் கூரைமீதும் ஒன்றுபோல் பெய்கிறது. காற்றில் ஒரு வீட்டின் ஓடுகள் பெயர்ந்தால், பக்கத்து வீட்டார் ஏணி கொண்டு வருவர். எதிர்வீட்டார் ஓடு எடுத்துக் கொடுப்பர். ஏணி பிடிப்பவனை நம்பியே மேலே நிற்பவன் நிற்கிறான்.

மாணவர்களே! நான் இதுவரை கூறிய கூரைகள் மனிதர் வேய்ந்தவை. இவையனைத்திற்கும் மேலான கூரை ஒன்று உண்டு. அஃது இயற்கை வேய்ந்தது. மலைக்காடே அக்கூரை. அதன் நிழலில்தான் ஏலம் வாழ்கிறது. அதன் வேர்களே மழைநீரை மண்ணில் தேக்கிச் சிறிது சிறிதாக ஆற்றுக்கு விடுகின்றன. நிழல்மரம் குறைந்தால் செடி கருகும், மண் கரையும், ஆறு வற்றும், ஊர் வாடும். 2024-ஆம் ஆண்டுக் கோடையில் வறட்சியும் வெப்பமும் இடுக்கி மலைகளின் ஏலத்தோட்டங்களைப் பெரிதும் வாட்டின. பயிர் கருகியபோது, தோட்டக்காரர்க்கு முதலும் தொழிலாளிக்குக் கூலியும் குறைந்தன. கூரையில் ஓர் ஓடு உடைந்தால் மறுநாளே மாற்றிவிடலாம். பெருமரம் ஒன்று வீழ்ந்தால், அவ்விடத்தில் நிழல் மீள ஒரு தலைமுறை செல்லும்.

இன்று ஊரில் சிமிட்டித் தளங்கள் பெருகிவிட்டன. கீற்று வேய்வோரும் ஓடு அடுக்குவோரும் குறைந்து வருகின்றனர். அதற்காக நான் வருந்தவில்லை. காலத்திற்கேற்பக் கூரை மாறும். ஆனால், எல்லாக் காலத்திற்கும் பொருந்தும் தொழில்நெறி ஒன்று உண்டு. கூரையை மழைக்காலத்தில் அன்று, வெயிற்காலத்திலேயே செப்பனிட வேண்டும் என்பதே அது. ஒழுகத் தொடங்கியபின் பாத்திரம் வைப்பது அறிவுடைமை ஆகாது. காட்டைக் காத்தலும், எல்லையின் இருபுறத்தாரோடும் நட்பைப் பேணுதலும், உழைப்பவர்க்குரிய மதிப்பை வழங்குதலும் ஊர்க்கூரையைச் செப்பனிடும் பணிகளே. அவற்றை வெயிற்காலத்திலேயே தொடங்குங்கள். நாளை இவ்வூரின் கூரையைத் தாங்கப் போகும் உத்தரங்கள் நீங்களே.