சாவி சொல்லும் பெயர்

காலையில் அம்மா வேலைக்கு ஓட்டிச் செல்லும் மகிழுந்தை மாலையில் அப்பாவோ அண்ணனோ ஓட்டுவது பல வீடுகளில் வழக்கம். ஒருவர் உயரமானவர், மற்றவர் உயரம் குறைந்தவர். ஒருவருக்குப் பொருந்தும் இருக்கை நிலை மற்றவருக்குப் பொருந்தாது. இருக்கை மிகவும் பின்னால் இருந்தால் பிரேக் மிதியை முழுமையாக அழுத்தக் கால் எட்டாது. பக்கக் கண்ணாடி தவறான கோணத்தில் இருந்தால் அருகில் வரும் மோட்டார் சைக்கிள் கண்ணில் படாது. ஆகவே, ஓட்டுநர் மாறும்போதெல்லாம் இவற்றைச் சரிசெய்வது பாதுகாப்புக்கு மிக அவசியம்.

இந்தச் சிரமத்தைக் குறைக்கப் பொறியியலாளர்கள் நெடுங்காலமாக முயன்று வந்துள்ளனர். 1957இல் அமெரிக்காவில் வெளிவந்த காடிலாக் எல்டொராடோ புரோகாம் என்ற மகிழுந்திலேயே, விரும்பிய நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும் மின்னியக்க இருக்கை இருந்தது. இன்று சில மகிழுந்துகள் மேலும் ஒரு படி முன்னேறி, ரிமோட் சாவியைக் கொண்டே ஓட்டுநரை அடையாளம் காண்கின்றன. ஒருவர் தம் சாவியால் கதவைத் திறந்ததும் இருக்கையும் பக்கக் கண்ணாடிகளும் அவருக்குரிய நிலைக்கு நகர்கின்றன. குளிர்சாதன வெப்பநிலையும் வானொலி நிலையமும்கூடச் சில மகிழுந்துகளில் அவ்வாறே மாறுகின்றன.

ஆனால், ஒரு நாள் அம்மா கதவைத் திறக்கும்போது இருக்கை அப்பாவின் அளவுக்கு நகர்ந்தால் என்ன செய்வது? உடனே பட்டறைக்குச் செல்ல வேண்டுமா? வேண்டியதில்லை. அந்த நினைவு எங்கே இருக்கிறது என்பதை அறிந்தால், பல சிக்கல்களை வீட்டு வாசலிலேயே தீர்த்துவிடலாம்.

சாவிக்குள் இருப்பது என்ன?

இருக்கையின் அளவு சாவிக்குள் பதிவாகி இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலான மகிழுந்துகளில் அப்படியில்லை. நூலக அட்டையை எண்ணிப் பாருங்கள். நீங்கள் இரவல் பெற்ற நூல்களின் பட்டியல் அட்டைக்குள் இருப்பதில்லை. அட்டையில் இருப்பது உங்கள் உறுப்பினர் எண் மட்டுமே. பட்டியல் நூலகத்தின் கணினியில் இருக்கிறது. சாவியும் அப்படித்தான்.

ஒவ்வொரு சாவிக்கும் தனி அடையாளம் உண்டு. பொத்தானை அழுத்தியதும் சாவி அந்த அடையாளத்தை, ஒவ்வொரு முறையும் மாறும் இரகசியக் குறியீட்டுடன் சேர்த்து, வானொலி அலை மூலம் அனுப்புகிறது. மகிழுந்திலுள்ள கணினி அதைப் பெற்று, “இது முதலாம் சாவி” அல்லது “இது இரண்டாம் சாவி” என்று அறிகிறது. பின்னர், தன்னிடமுள்ள பதிவின்படி இருக்கையை நகர்த்துகிறது. எனவே, சிக்கல் சாவியில் இருக்கலாம். மகிழுந்தின் பதிவில் இருக்கலாம். அல்லது அவ்விரண்டையும் சேர்க்கும் இணைப்பில் இருக்கலாம்.

பழுதைத் தேடும் முறை

முதலில், சாவி மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஒரே மகிழுந்தின் இரு சாவிகளும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருக்கும். அம்மா தவறுதலாக அப்பாவின் சாவியை எடுத்துச் சென்றால், அப்பாவின் அளவே வரும். மகிழுந்து தன் கடமையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது! இரு சாவிகளும் ஒரே நேரத்தில் மகிழுந்தின் அருகில் இருந்தாலும் குழப்பம் நேரலாம். ஒரு சாவியை வீட்டினுள் வைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் கொண்டு சோதித்தால் உண்மை தெரியும். அதன்பின், சாவிகளில் வெவ்வேறு நிற வளையங்களை மாட்டிவிட்டால் அவை மீண்டும் மாறிப்போகா.

இரண்டாவதாக, சாவியின் மின்கலத்தைக் கவனிக்க வேண்டும். பல சாவிகளில் சி.ஆர். 2032 என்னும் வட்டமான 3 வோல்ட் மின்கலம் உள்ளது. அந்த எண்ணே அதன் அளவைக் கூறுகிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். மின்கலம் வலுவிழந்தால், மிக அருகில் சென்றால்தான் கதவு திறக்கும். மின்கலம் முற்றிலும் தீர்ந்தால், சாவிக்குள் மறைந்திருக்கும் உலோகச் சாவியால் கதவைத் திறக்க நேரும். அப்போது சாவியின் அடையாளம் மகிழுந்தைச் சென்றடையாது, இருக்கையும் நகராது.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. மின்கலம் தீர்ந்த சாவியையும் உரிய இடத்தில் வைத்தால் இயந்திரத்தை இயக்கலாம். சாவியிலுள்ள மற்றொரு சில்லு, மகிழுந்தின் கம்பிச் சுருளிலிருந்தே தனக்கு வேண்டிய மின்சக்தியைப் பெற்றுக்கொள்வதே இதற்குக் காரணம். ஆகவே, இயந்திரம் இயங்குகிறது என்பதற்காக மின்கலம் நன்றாக இருப்பதாக முடிவு செய்யக் கூடாது. மின்கலத்தை மாற்றும்போது பழையதைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் அகற்றுவதும் முக்கியம். குழந்தை அதை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உணவுக்குழாயில் கடுமையான புண் ஏற்படலாம்.

மூன்றாவதாக, பதிவு அழிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மகிழுந்தின் பெரிய மின்கலத்தைக் கழற்றி மாற்றிய பிறகு, சில மகிழுந்துகள் பழைய பதிவை இழந்துவிடுகின்றன. அப்போது இருக்கையைச் சரிசெய்து மீண்டும் பதிவு செய்ய வேண்டும். சில மகிழுந்துகளில் இதற்கெனப் பொத்தான் உண்டு. வேறு சில, கதவைப் பூட்டும்போது தாமாகவே பதிவு செய்கின்றன. திரையில் உள்ள அமைப்புகளில் இவ்வசதி அணைக்கப்பட்டிருக்கவும் கூடும். முறை வாகனத்திற்கு வாகனம் வேறுபடுவதால் வாகனக் கையேட்டைப் படிப்பதே சிறந்தது.

நான்காவதாக, அது பழுதா, வசதியா என்று ஆராய வேண்டும். ஓட்டுநர் எளிதாக இறங்குவதற்காக, இயந்திரத்தை அணைத்ததும் இருக்கையைப் பின்னால் நகர்த்தும் மகிழுந்துகள் உள்ளன. இதை அறியாதவர் இருக்கை தன் அளவை மறந்துவிட்டதாக எண்ணுவார். இருக்கையின் பின்னால் உள்ள பள்ளிப்பைகூட அதன் நகர்வைத் தடுக்கலாம்.

இச்சோதனைகளைச் செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மின்கலத்தையும் பதிவையும் ஒன்றாக மாற்றினால், எது சிக்கலைத் தீர்த்தது என்பது தெரியாது. நான்கு சோதனைகளும் பயன் தராவிட்டால் பட்டறையை நாடலாம். செய்து பார்த்தவற்றைக் குறித்துக்கொண்டு சென்றால் நேரமும் பணமும் மிச்சமாகும்.

சாவியும் பொறுப்பும்

சாவி ஓட்டுநரை அடையாளம் காட்டுவதால், அதைப் பாதுகாப்புக்கும் பயன்படுத்தலாம். ஃபோர்ட் நிறுவனம் 2008இல் அறிவித்த ‘மைகீ’ என்னும் முறை இதற்குச் சான்று. பெற்றோர் தம் பிள்ளைக்குரிய சாவியை மட்டும் தனியாக அமைக்கலாம். அச்சாவியால் ஓட்டும்போது வேகம் மணிக்கு 80 மைலை, அதாவது ஏறத்தாழ 129 கிலோமீட்டரைத் தாண்டாதவாறு கட்டுப்படுத்த இயலும். இருக்கை வாரை அணியும் வரை வானொலியும் ஒலிக்காது.

எனினும், பிள்ளை அப்பாவின் சாவியை எடுத்துச் சென்றால் அக்கட்டுப்பாடுகள் எவையும் செயல்படா. அப்பாதான் ஓட்டுகிறார் என்று மகிழுந்து நம்பிவிடும். சாவி ஒரு பெயரைச் சொல்லும். அதை ஏந்தியிருப்பவர் யார் என்பது அதற்குத் தெரியாது. இதனால்தான் சாவி தொலைந்தால் அதன் பதிவை மகிழுந்திலிருந்து நீக்கிவிட வேண்டும். பழைய மகிழுந்தை விற்கும்போதும் நம் பதிவுகளை அழித்துவிட வேண்டும்.

மலேசியாவில் 17 வயதிலேயே மகிழுந்து ஓட்டப் பயிற்சி பெறலாம். இன்னும் சில ஆண்டுகளில் குடும்ப மகிழுந்தின் சாவி உங்கள் கைக்கும் வரக்கூடும். மகிழுந்தின் நினைவாற்றலை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். இருக்கை, கண்ணாடிகள், இருக்கை வார் ஆகிய மூன்றையும் புறப்படும் முன்னரே சரிபாருங்கள். ஓடும் மகிழுந்தில் இருக்கையைச் சரிசெய்ய முயலாதீர்கள்.

கருத்துணர் வினாக்கள்

1. சாவியை நூலக அட்டையுடன் ஒப்பிடுவது ஏன் பொருத்தமானது?
2. இயந்திரம் இயங்கினாலும் சாவியின் மின்கலம் தீர்ந்திருக்கலாம். எவ்வாறு?
3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிச் சோதிப்பதன் நன்மை யாது?
4. ‘சாவி ஒரு பெயரைச் சொல்லும், அதை ஏந்தியிருப்பவர் யார் என்பது அதற்குத் தெரியாது.’ இக்கூற்று உணர்த்தும் பொறுப்பை விளக்குக.