படமும் எண்ணும் சேர்ந்து சொல்வது

திருவனந்தபுரத்தில் வாழும் நம் வீடுகளுக்கு முல்லைப்பெரியாறு பற்றிய செய்திகள் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகின்றன. அக்கம்பக்கத்து மலையாள நண்பர்கள் சிவப்பு எழுத்தில் அனுப்புகிறார்கள். மதுரை, தேனி உறவினர்களோ பென்னிகுவிக் படத்தோடு அனுப்புகிறார்கள். இரண்டையும் பார்ப்பவர்கள் நம் பிள்ளைகள். எழுத்துக் கூட்டி வாசிக்க அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தோம். படம், நிறம், எண், குரல் எல்லாம் கலந்து வரும் செய்தியை வாசிக்கவும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

ரயில்வேயில் பெட்டிகளை மட்டும் பார்த்துவிட்டு வண்டியை அனுப்ப மாட்டோம். கப்ளிங்கையும் பார்ப்போம். இங்கும் அதே முறைதான். படம் உண்மையாக இருக்கலாம், எண்ணும் உண்மையாக இருக்கலாம். இரண்டையும் கோத்த இடத்தில்தான் பெரும்பாலும் கோளாறு இருக்கும்.

142 அடி என்ற எண்ணையே எடுத்துக்கொள்வோம். அணை கட்டி முடிந்தது 1895-ல். 1979-ல் பாதுகாப்புக் கருதி நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2014 மே 7-ல் தீர்ப்பளித்தது. அந்த எண் ஒருவர் அனுப்பும் படத்தில் அபாயமாகவும், மற்றவர் அனுப்பும் படத்தில் வெற்றியாகவும் நிற்கிறது.

பிள்ளைகளிடம் ஒரு தாளும் ஸ்கேலும் கொடுங்கள். அடிக்கோட்டை 130 என்று வைத்து, 136-க்கும் 142-க்கும் இரண்டு கட்டைகள் வரையச் சொல்லுங்கள். இரண்டாவது கட்டை முதலாவதைப்போல இரு மடங்கு உயரம் இருக்கும். பார்த்தாலே பயம் வரும். இப்போது அடிக்கோட்டைச் சுழியத்தில் வைத்து மறுபடியும் வரையட்டும். வித்தியாசம் மிகச் சிறிதாகவே தெரியும். எண்கள் மாறவில்லை, அடிக்கோடு மட்டுமே மாறியது.

அதற்காக இரண்டாவது படம்தான் முழு உண்மை என்று எண்ணிவிட வேண்டாம். அணையைத் தள்ளும் நீரின் விசை, ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நீர் 4.4 சதவிகிதம் உயர்ந்தால் விசை ஏறக்குறைய 9 சதவிகிதம் கூடும். நம் ஊர்க்காரர்கள் அனுப்பும் படங்களில் இந்தக் கணக்கை நான் பார்த்ததே இல்லை!

2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது, அணை உடையப்போகிறது என்ற குரல் பதிவு கேரளமெங்கும் பரவியது. அரசு அதை மறுத்தது. பரப்பியவர் மீது போலீஸ் நடவடிக்கையும் எடுத்தது. குரல் எழுத்தைவிட வேகமாக நம்பவைக்கும், ஏனென்றால் பேசுபவரின் பதற்றம் கேட்பவரையும் தொற்றிக்கொள்ளும். பதற்றத்தை ஒதுக்கிவிட்டு, அவர் சொன்னதை மட்டும் தாளில் எழுதிப் பாருங்கள். சொன்னவர் யார், எங்கிருந்து பார்த்தார், எந்த நாள், எந்த மணி? பல பதிவுகளில் எழுதுவதற்கு ஒரு வரிகூடத் தேறாது.

கேரள அரசின் கைட் நிறுவனம் 2024-ல் ஐந்தாம், ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடநூல்களில் பொய்ச் செய்தியைக் கண்டறியும் பாடத்தைச் சேர்த்தது. இந்நூல்கள் தமிழிலும் உண்டு. பேரப்பிள்ளைகளிடம் வாங்கிப் பாருங்கள். கட்டைகள் வரைந்த தாள்களை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்குக் கொண்டுவந்தால், சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.