கால்குலேட்டர் வாங்கும் முன்…

காட்டாங்குளத்தூர், கேளம்பாக்கம், மாமல்லபுரம் பக்கக் கல்லூரிகளில் பொறியியல் சேரும் பிள்ளைகளே, விலையைக் கேட்கும் முன் தேர்வு விதியைக் கேளுங்கள். புரோகிராம் சேமிக்கும் வகையைத் தேர்வு அறையில் பொதுவாக அனுமதிப்பதில்லை. கேசியோ எஃப்எக்ஸ்-991எம்எஸ் மேட்ரிக்ஸ், கலப்பெண், முப்படிச் சமன்பாடு எல்லாம் போடும். பின்னமும் வர்க்கமூலமும் பாடப்புத்தகத்தில் உள்ளபடியே திரையில் தெரிய வேண்டுமென்றால் 991இஎஸ் பிளஸ். முதலாண்டு மாணவருக்கு இதையே சொல்வேன், தட்டியதைச் சரிபார்ப்பது சுலபம்.

கடையிலேயே சைன் 30 போட்டுப் பாருங்கள். 0.5 வந்தால் டிகிரி, -0.988 வந்தால் ரேடியனில் இருக்கிறது, மாற்றிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும் இதைச் செய்யுங்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் உப்புக்காற்று படாமல் மூடியிட்டு வைப்பது நல்லது.

ஜேஇஇ, நீட் தேர்வுகளில் கால்குலேட்டருக்கே இடமில்லை. கேட் தேர்வில் கணினித் திரையில் வரும் கால்குலேட்டர் மட்டும்தான்.