நோன்புக் கஞ்சியும் பாலித்தீன் பையும்



முன்பெல்லாம் ரமலானில் அஸர் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் பிள்ளைகள் தூக்குச் சட்டியோடு வரிசையில் நிற்பார்கள். இப்போது பாதிப் பேர் கையை வீசிக்கொண்டு வருகிறார்கள். நாமும் ஆவி பறக்கும் கஞ்சியைப் பாலித்தீன் பையில் ஊற்றி முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். இத்தகைய பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் தடை இருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், நோன்பாளியின் இதயத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

பி.வி.சி. பிளாஸ்டிக்கை இளக்குவதற்குத் தாலேட் சேர்க்கிறார்கள். அது பிளாஸ்டிக்கோடு இறுகப் பிணைந்திருப்பதில்லை. சூடும் எண்ணெயும் பட்டால் உணவில் கசியும். டின்களின் உட்பூச்சில் இருப்பது பிஸ்பீனால் ஏ. தென் கொரியாவில் வயதில் மூத்த 60 பேருக்கு ஒரே சோயா பாலை ஒரு நாள் கண்ணாடிப் பாட்டிலிலும் மற்றொரு நாள் டின்னிலும் கொடுத்துப் பார்த்தார்கள். டின்னில் குடித்த இரண்டு மணி நேரத்தில் மேல் ரத்த அழுத்தம் சுமார் 4.5 புள்ளி கூடுதலாக இருந்தது.

பாலித்தீனைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 2024-இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வில், கழுத்து ரத்தக் குழாயிலிருந்து அறுவை செய்து எடுத்த அடைப்பைச் சோதித்தார்கள். 257 பேரில் 150 பேரின் அடைப்பில் பாலித்தீன் நுண்துகள் இருந்தது. அவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் அல்லது மரணம் நேரும் அபாயம், துகள் இல்லாதவர்களைவிட 4.5 மடங்கு இருந்தது. துகள்தான் காரணம் என்று இதனால் நிரூபணமாகிவிடவில்லை. தொடர்பு தெரிகிறது, அவ்வளவே. ஆகவே பிரஷர் மாத்திரையை விட்டுவிட்டு, சிகரெட்டையும் பிடித்துக்கொண்டு, பையை மட்டும் யாரும் குறை சொல்ல வேண்டாம்.

வீட்டிலும் மீந்த குழம்பைப் பிளாஸ்டிக் டப்பாவோடு ஓவனில் வைக்காதீர்கள். கடையில் டீயைப் பையில் கட்டித் தரச் சொல்லாதீர்கள்.

இன்ஷா அல்லாஹ், வரும் ரமலானில் பையில் கஞ்சி ஊற்றுவதில்லை என்று நிர்வாகக் குழு முடிவெடுத்துள்ளது. "வெறுங்கையோடு வரும் பயணியையும் கூலி வேலைக்காரரையும் திருப்பி அனுப்புவதா?" என்று ஒரு சகோதரர் கேட்டார். நியாயமான கேள்வி. அவர்களுக்காக மூடி போட்ட எவர்சில்வர் தூக்குகள் டிரஸ்ட் அலுவலகத்தில் இருக்கும். மறுநாள் கழுவித் திருப்பித் தந்தால் போதும். உங்கள் வீட்டுப் பரணில் சும்மா கிடக்கும் தூக்கு இருந்தால் ஷஅபான் பிறை 25-க்குள் கொண்டுவந்து கொடுங்கள். மூடியும் சேர்த்து.