சாந்தத்தோடு சீர்பொருந்தப்பண்ணுவோம்

தியானப் பகுதி: கலாத்தியர் 6:1



குற்றத்தில் அகப்பட்ட சகோதரனைச் சாந்தத்தோடு சீர்பொருந்தப்பண்ண வேண்டும் என்று பவுல் எழுதுகிறார். அவர் பயன்படுத்திய கிரேக்கச் சொல், வலைகளைப் பழுதுபார்ப்பதற்கும் (மாற்கு 1:19) வருகிறது. விலகிய எலும்பைப் பொருத்துவதற்கும் அக்காலத்து வைத்தியர்கள் அதையே வழங்கினார்கள். எலும்பை முரட்டுத்தனமாய் இழுத்தால் நோவு பெருகும். தொடாமல் விட்டாலோ கோணலாகவே கூடிவிடும்.

1948-ல் வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தத் தொடங்கினார். ஆனால் நிமிர்ந்த கைகளோடு போன சிலர் துக்கத்தோடு திரும்பி வந்தார்கள். கை நேரானதால் பிச்சை குறைந்தது. வேலை கொடுப்பாரோ இல்லை. கையைச் சரியாக்கினால் மட்டும் போதாது என்று டாக்டர் கண்டுகொண்டார். அவர்களுக்காக 'புது வாழ்வு நிலையம்' எழுந்தது. அங்கே அவர்கள் தச்சு வேலை கற்றார்கள். மருத்துவம் படிக்குமுன் டாக்டர் தாமும் கற்றிருந்த தொழில் அது!

நாமும் ஜெபிக்கிறோம், காணிக்கை கொடுக்கிறோம். ஆனால் குடியை விட்டு மனந்திரும்பி ஆலயத்துக்கு வருகிறவரின் பக்கத்தில் உட்கார நமக்கு மனமுண்டா? அவருக்கு ஒரு வேலைக்காகச் சிபாரிசு செய்வோமா? 'நான் அப்படிப்பட்டவன் அல்ல' என்ற எண்ணம் வந்தால் நம் கை முரடாகிவிடும். ஆகவேதான் பவுல், நீயும் சோதனைக்குத் தப்பினவன் அல்ல என்று அதே வசனத்தில் எச்சரிக்கிறார். நாமும் அந்தப் பரம வைத்தியரால் பொருத்தப்பட்டவர்கள்தானே!

ஜெபம்: ஆண்டவரே, விழுந்தவர்களைத் தாழ்மையோடு தொடும் கைகளை எங்களுக்குத் தாரும். ஆமென்.